வறுமை உடம்பை மாற்றுமா, மாறிய உடம்பு வறுமையை உண்டாக்குமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். 2008, 2009இல், யுத்தத்தின் கடைசிக் காலத்து இடப்பெயர்வுக்குள் பிறந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரம் எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். காலைக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும்போது கட்டையாகவும் மெலிவாகவும் தெரிகிறார்கள். "பட்டினி எங்கட பரம்பரையையே மாத்திப்போட்டுது" என்று ஒரு ஆசிரியர் சொல்ல, "எங்கட ஆக்கள் இயல்பிலேயே இப்பிடித்தான்" என்று மற்றவர் சொல்ல, நீங்கள் யார் சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பணமில்லாமை உடம்பை மாற்றுமா? மாறிய உடம்பு திரும்ப வருமானத்தைக் குறைக்குமா? அந்த மாற்றம் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகுமா? முதல் இரண்டுக்கும் தயங்காமல் ஆம் என்பேன். மூன்றாவதைத்தான் பிரித்துப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். நான் சமுதாய மருத்துவம் படித்து, முல்லைத்தீவும் சேர்ந்த வன்னிப் பகுதியில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நெடுங்காலம் வேலை செய்த ஆள். மரபணு ஆய்வுகூடத்தில் வேலை செய்ததில்லை. அந்தப் பகுதியில் மற்றவர்களின் ஆய்வுகளை வாசித்த அளவில்தான் பேசமுடியும்.

"இயல்பிலேயே" என்ற வாதத்தை முதலில் எடுக்கிறேன், அதிகம் கெடுதி செய்வது அதுதான் என்பதால். உயரத்தில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று உயரம், மற்றது கட்டை என்றால் பெரும்பாலும் தாய் தகப்பனைப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஆனால் இரண்டு ஊர்களை, அல்லது இரண்டு காலங்களை ஒப்பிடும்போது கணக்கு வேறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெதர்லாந்தில் படைக்கு ஆளெடுத்தபோது இளைஞர்களின் சராசரி உயரம் 165 சென்ரிமீற்றர் அளவில்தான் இருந்தது. இன்று உலகத்தில் ஆக உயரமான ஆண்கள் அவர்கள், சராசரி 183 அளவில். 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களையும் 1996இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் கூடியிருக்கிறது. அதே இனம், அதே மொழி, எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வடகொரியாவில் வளர்ந்தவர்கள் தெற்கத்தியரைவிடக் கட்டை. நூறு வருடம் என்பது நாலைந்து தலைமுறைதான். அதற்குள் ஒரு சனத்தின் மரபணு இந்த அளவுக்கு மாற வழியில்லை. மாறியது சாப்பாடு, குடிதண்ணீர், நோய். மரபணுவைப் பொருளாதாரம் மாற்றவே மாட்டாது என்றும் இல்லை. மாடு வளர்த்துப் பால் குடித்த சனங்களில், வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் தன்மை பரவியது அப்படித்தான். அதற்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடித்தன.

அப்படியென்றால் சாப்பாடு குறைந்தவர்கள் எல்லாரும் ஒரேமாதிரிக் கட்டையாக வரவேண்டுமே, வரவில்லையே என்று கேட்பீர்கள். எவ்வளவு குறைந்தது என்பதைவிட எப்போது குறைந்தது என்பதுதான் இதில் முக்கியம். வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. குடலைப் பருவத்தில் தண்ணீர் காணாத நெல்லுக்குப் பிறகு வாய்க்கால் நிறைய விட்டாலும் பதர்தான். மனித உடம்புக்கு அந்தப் பருவம் தாயின் வயிற்றில் தொடங்கி இரண்டு வயது வரைக்கும். பிறக்கும்போது 50 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும் குழந்தை முதல் வருடத்தில் மட்டும் இன்னொரு 25 சென்ரிமீற்றர் வளரும். பிறகு எந்த வயதிலும் அந்த வேகம் திரும்ப வராது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் நுண்வடிகள் கர்ப்பத்தின் 36ஆவது கிழமையோடு உருவாகி முடிந்துவிடும். குறைவாக உருவானால் ஆயுள் முழுக்க அந்தக் குறைவான எண்ணிக்கையோடுதான் சமாளிக்கவேண்டும்.

கிளினிக்கில் குழந்தையின் பதிவேட்டைத் திறந்தால் இது கண்ணுக்கு முன்னால் தெரியும். மாதாமாதம் நிறுத்து, புள்ளி வைத்து, கோடு இழுப்போம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் முதல் ஆறு மாதமும் கோடு அழகாக ஏறும், வீட்டில் எவ்வளவு கஷ்டம் இருந்தாலும். ஏழாம், எட்டாம் மாதத்தில் அது படுத்துவிடும். தாயிடம் கதைத்தால் விசயம் வரும். கச்சான் ஆயப் போனால் நாட்கூலி கிடைக்கும், பிள்ளையை அம்மம்மாவோடு விட்டுவிட்டுப் போகிறார். அம்மம்மா பாசத்தில் குறை வைக்கவில்லை. தெளிந்த கஞ்சி பருக்குகிறார், பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கிறார். வயிறு நிறைகிறது. முட்டையும் மீனும் பருப்பும் இல்லாததால் வளர்ச்சி நிற்கிறது. இடையில் கிணற்றுத் தண்ணீரால் ஒரு வயிற்றோட்டம், கோடு கீழே. பொருளாதாரம் உடம்புக்குள் இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான். பட்டினியைப் போலச் சத்தமாக வராது. தாயின் நாட்கூலி, நேரமின்மை, மலிவான மாப்பண்டம், அழுக்குத் தண்ணீர் என்று நாலு வழியால் மெல்ல இறங்கும். 2016இல் நாடு முழுக்க எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதம் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். அது யுத்தம் முடிந்து ஏழு வருடம் கழிந்த, விலைவாசி ஓரளவு சீராக இருந்த காலம்.

இனி உங்கள் 2009 பிள்ளைகள். இந்த விசயத்தில் உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது நெதர்லாந்தின் 1944 - 45 குளிர்காலப் பஞ்சத்தை. ஜேர்மன் படை உணவுப் போக்குவரத்தைத் தடுக்க, மேற்கு நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் பங்கீடு 1,000 கலோரிக்குக் கீழே போனது, சில கிழமைகளில் அதில் பாதிதான். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சாப்பாடும் வந்தது. பஞ்சம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று திகதியோடு தெரியும், பிறப்புப் பதிவுகள் பத்திரமாக இருந்தன. அதனால் அந்தக் குழந்தைகளை முதுமை வரை பின்தொடர முடிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பஞ்சம் பட்டவர்கள் நிறை குறைந்து பிறந்தார்கள். முதல் மாதங்களில் பட்டவர்கள் சாதாரண நிறையோடு பிறந்தார்கள், ஆனால் நடுவயதில் அவர்களிடம்தான் இருதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பிறப்பு நிறையை மட்டும் பார்த்து "பிள்ளை தப்பிவிட்டது" என்று சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதை அப்படியே தூக்கி வன்னிக்குப் பொருத்திவிடலாமா? இங்கேதான் லெனின்கிராட் முற்றுகையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1941 செப்டெம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை நீடித்த அந்த முற்றுகைக்குள் வயிற்றில் இருந்தவர்களை 1990களில் பரிசோதித்தபோது, நெதர்லாந்தில் கண்டதைப் போல் சர்க்கரைக் கோளாறு கூடுதலாக இல்லை. பலர் தரும் விளக்கம் இது: நெதர்லாந்தில் பஞ்சத்துக்குப் பின் நிறைவு வந்தது, லெனின்கிராட்டில் முற்றுகை முடிந்த பிறகும் நீண்ட காலம் தட்டுப்பாடுதான். வயிற்றுக்குள் "வெளியில் சாப்பாடு குறைவு" என்று தயாரான உடம்பு, வெளியிலும் குறைவையே கண்டதால் பெரிதாகக் குழம்பவில்லை. குறைவுக்குத் தயாராகி வந்து நிறைவைச் சந்திக்கும் உடம்புதான் கெட்டுப்போகிறது. இந்த விளக்கம் பொருந்தி வருகிறது, ஆனால் நிரூபிக்கப்பட்டது என்று எழுதமாட்டேன். முற்றுகைக்குள் பலவீனமானவர்கள் சிறுவயதிலேயே இறந்துபோக, பலமானவர்கள் மட்டும் ஆய்வுக்கு எஞ்சியிருந்திருக்கலாம் என்ற மறுப்பும் நியாயமானது.

வன்னியின் வரலாறு இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருள், சவர்க்காரம், உரம், மருந்து என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. ஆனால் குளமும் வயலும் கடலும் இருந்தன. 2009 முதல் மாதங்களில் அதுவும் போய்க் கஞ்சியே சாப்பாடானது. பிறகு செட்டிகுளம் முகாம்களில் நிவாரண அரிசி, மா, பருப்பு, சீனி. மீள்குடியேறி ஏ9 பாதையும் திறந்ததும், இரண்டே வருடத்துக்குள் சோடாவும் நூடில்ஸும் பாக்கெற் தீனும் ஒவ்வொரு சந்திக் கடைக்கும் வந்துவிட்டன. இந்த வேகத்தைப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளின் நிலைமை நெதர்லாந்துக்குக் கிட்ட வருகிறது என்பது என் மதிப்பீடு. அவர்கள் மெலிவாக இருப்பதைவிட, முப்பது வயதில் வயிறு மட்டும் தள்ளிப் போகுமோ என்பதுதான் எனக்குக் கவலை. தெற்காசிய உடம்புக்கு இதில் ஏற்கெனவே ஒரு பலவீனம் உண்டு. புனே நகருக்குப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைப் பாதுகாத்துக்கொண்டு பிறக்கின்றன. எங்கள் கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு வரிசையில் நிற்பவர்களில் பலர் ஒல்லியான தோட்டக்காரர், கடற்றொழிலாளர் என்பதைப் பார்த்து வெளியூர் மாணவ வைத்தியர்கள் ஆச்சரியப்படுவார்கள். உள்ளூர்த் தாதிமார் யாரும் ஆச்சரியப்பட்டு நான் கண்டதில்லை.

மறுதிசைக்கு வருவோம். உடம்பு வருமானத்தைத் தீர்மானிக்கிறதா? இதற்கு நல்ல சான்று குவாத்தமாலாவில் இருக்கிறது. 1969இலிருந்து 1977 வரை நாலு கிராமங்களில் ஒரு பரிசோதனை நடந்தது. இரண்டில் சிறுபிள்ளைகளுக்குப் புரதம் சேர்ந்த கஞ்சி, மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானம். முப்பது வருடங்களுக்குப் பிறகு தேடிப்போய்ப் பார்த்தபோது, இரண்டு வயதுக்கு முன் அந்தக் கஞ்சி குடித்த ஆண்கள் மணித்தியாலத்துக்கு 46 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களிடம் அந்தப் பலன் இல்லை. பெண்களின் சம்பளத்திலும் அப்படி ஒரு ஏற்றம் தெரியவில்லை. அந்த ஊரில் பெண்களுக்குக் கிடைத்த வேலை அப்படி. உடம்பு தயாராக இருந்தாலும் சந்தையில் வேலை இல்லாவிட்டால் காசாக மாறாது. நாலே கிராமம் என்பதால் 46 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்கவேண்டாம். திசையில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கள் நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு, அதிகம் பேர் அறியாதது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் செய்து 1979இல் வெளியான ஆய்வு அது. கடும் குருதிச்சோகை உள்ளவர்களுக்கு இரும்புச்சத்துக் கொடுக்க, அவர்கள் ஒரு நாளில் பறித்த கொழுந்தின் நிறை கூடியது. சோகை உள்ளவரைச் சோம்பேறி என்று கங்காணி திட்டியிருப்பார். அவருடைய இரத்தத்தில் பிராணவாயுவைக் கொண்டுபோகும் பொருளே குறைவு. வன்னியில் இதே கதை வேறு இடத்தில் நடக்கிறது. களை பிடுங்கும் பெண் மத்தியானம் சோறும் கீரையும் சாப்பிட்ட கையோடு வெறுந்தேத்தண்ணி குடிக்கிறார். கீரையில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் தேயிலையின் துவர்ப்பு உடம்பில் சேரவிடாது. மீனோ இறைச்சியோ சேர்ந்தால் அது வேறு, ஆனால் அதற்குத்தானே காசில்லை. பின்னேரத்துக்குள் களைத்துப்போகிறார், கூலி குறைகிறது, அடுத்த நாளும் மீன் இல்லை.

இந்த வட்டத்தைப் பெரிதாகப் பார்க்கவேண்டுமென்றால் வன்னியே பாடம். காடு மூடிக் கிடந்த குளங்களைப் பார்த்த வெள்ளைக்கார நிர்வாகிகள் மலேரியாதான் இந்த நிலத்தை வெறுமையாக்கியது என்று எழுதினார்கள். மலேரியா நுளம்பு ஆறு வற்றித் தேங்கும் மடுக்களில் பெருகும். குளங்கள் உடைந்ததால் மலேரியா வந்ததா, மலேரியா வந்ததால் சனம் குளங்களைக் கைவிட்டதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளியிருக்கும் என்பது என் எண்ணம், ஆனால் அது எண்ணம்தான். தெளிவாகத் தெரிந்தது பிறகு நடந்தது: 1940களின் பிற்பகுதியில் வீடு வீடாக டி.டி.ரி என்ற நுளம்பு மருந்தை அடித்த பிறகு உலர்வலயக் குடியேற்றங்கள் தாக்குப்பிடித்தன. இலங்கையில் மலேரியா கடுமையாக இருந்த மாவட்டங்களில், அது ஒழிந்த பிறகு பிறந்த பெண்கள் கூடுதல் வருடங்கள் பள்ளிக்கூடம் போனார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். யுத்த காலத்தில் அது வன்னியில் திரும்பத் தலைதூக்கியது. நாட்டுக்குள் தொற்றிய கடைசி நோயாளி 2012இல், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. உங்கள் மாணவர்கள் குளிர்காய்ச்சல் இல்லாத வன்னியில் வளர்ந்த முதல் தலைமுறை. அவர்களுக்குச் சாதகமாக இருக்கும் இந்தப் பெரிய விசயத்தை ஆசிரியர் அறை வாக்குவாதத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சந்தேகத்துக்குரியவை இரண்டைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இரண்டும் யூரியூப்பில் உறுதியான உண்மையாக உலாவுகின்றன. ஒன்று, காசுக் கஷ்டம் மூளையையே மந்தமாக்கும் என்பது. 2013இல் வெளியான ஆய்வொன்றில் தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கையில் காசு வந்த பிறகு அதே ஆட்கள் புதிர்களை நன்றாகச் செய்தார்கள். அடகுக்கடைச் சீட்டோடும் நுண்கடன் தவணையோடும் பெரும்போகம் வெட்டும்வரை காத்திருக்கும் எங்கள் ஆட்களைப் பார்த்தவருக்கு இது உடனே நெஞ்சில் படும். ஆனால் இரண்டாம் தடவை சோதிக்கும்போது பழக்கத்தால் நன்றாகச் செய்வதும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் செய்த இதேமாதிரி ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. கடன் நித்திரையைக் கெடுக்கும், பிரஷரைக் கூட்டும் என்பதுவரை நம்பலாம். அதற்கு மேல் இப்போதைக்குப் போகவேண்டாம்.

மற்றது சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்டு, வவுனியாவுக்கும் வெலிஓயாப் பக்கத்துக்கும் வந்துசேர்ந்த இந்த நோய் வயலில் வேலை செய்யும் ஏழைகளைத்தான் பிடிக்கிறது என்பதில் கேள்வியில்லை. காரணம் என்ன என்பதில்தான் ஒற்றுமை இல்லை. கடினத்தண்ணீரும் புளோரைட்டும், பூச்சி, களை மருந்துகள், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர் உண்டு. 2015இல் கிளைபோசேற் என்ற களை மருந்தைத் தடை செய்தது அரசியல் முடிவு, அறிவியல் முடிவு வந்திருக்கவில்லை. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுவோரிடமும் இதைப் போன்ற நோய் இருக்கிறது. வெட்டிய அளவுக்குத்தான் கூலி என்பதால் அவர்கள் நிழலில் இருப்பதில்லை. பிறக்கும்போதே நுண்வடிகள் குறைந்த சிறுநீரகம் இதில் சீக்கிரம் விழுமா என்பது நல்ல கேள்வி, இன்னும் பதில் உறுதியாகாத கேள்வி.

பரம்பரை விசயத்துக்கு இப்போது வரலாம். நெதர்லாந்துப் பஞ்சத்தின் ஆரம்பத்தில் கருவானவர்களின் மரபணுவில் எழுத்து மாறவில்லை. ஆனால் வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் இரசாயனக் குறிகள், பஞ்சம் படாத அவர்களுடைய சகோதரர்களைவிடக் குறைவாக இருந்தன, அதுவும் ஆறு தசாப்தங்களுக்குப் பிறகு. 2008இல் இது வெளிவந்ததும் "பட்டினி பரம்பரைக்குப் போகிறது" என்று பத்திரிகைகள் எழுதின. ஆய்வு சொன்னது வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும். பேரப்பிள்ளைக்கும் அந்தக் குறிகள் போகும் என்பதற்கு மனிதரில் உள்ள சான்று மிகவும் மெல்லியது, எலியில் கண்டதை வைத்துக்கொண்டு பேசுவதுதான் அதிகம். அதற்கு அவசியமும் இல்லை, ஏனென்றால் தலைமுறை தாண்டும் வேறு வழி கண்முன்னால் இருக்கிறது. சிறுவயதில் வளர்ச்சி தடைப்பட்ட பெண் கட்டையான, சோகை பிடித்த தாயாகிறார். அவருடைய கருப்பையில் பிள்ளை சிறுக்கிறது. ஒரு பெண்ணின் முட்டைகள் அவர் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஆகவே அம்மம்மா கர்ப்பமாக இருந்தபோது பட்ட பாட்டில் பேரப்பிள்ளையின் முதல் உயிரணுவும் கூட இருந்திருக்கிறது. இது விதி மாதிரித் தோன்றினாலும், இடையில் எந்தத் தலைமுறையிலும் அறுக்கக்கூடிய சங்கிலி. கொரியப் பெண்கள் அறுத்துக் காட்டியிருக்கிறார்கள். எங்களிடம் அது அடுத்த முறை இழுபட்டது 2022இல். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், கிளினிக்குகளில் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவும் ஒழுங்காக வராத காலம். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்னும் சில வருடங்களில் உங்கள் முதலாம் வகுப்புக்கு வருவார்கள்.

ஆசிரியராக நீங்கள் செய்யக்கூடியதையும் கேட்டிருந்தீர்கள். கட்டையாகத் தெரியும் பெடியங்களை இப்போதே கணக்கை மூடிவிட்டவர்களாக எண்ணவேண்டாம். சத்துக் குறைந்தவர்கள் வயதுக்கு வருவது பிந்தும், அதனால் பதினெட்டு, பத்தொன்பது வரைக்கும் வளர்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள், கூடிக்கொண்டிருந்தால் பயமில்லை. மெலிந்தவனைச் சோடாவும் மிக்சரும் வாங்கிக் கொடுத்துக் கொழுக்கவைக்க வேண்டாம், மேலே சொன்ன காரணத்துக்காக. காசு சேர்த்து ஏதாவது கொடுப்பதென்றால் முட்டை, கச்சான், அவித்த பயறு. பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கிழமைக்கொன்று கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசைதான் நீங்கள் கையோடு கவனிக்கவேண்டிய விசயம், அடுத்த தலைமுறையின் பிறப்பு நிறை அங்கேதான் தொடங்குகிறது. பலர் அதை வாங்கி யன்னலால் எறிவார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும், அதைக் கண்டு பயந்துவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், கறுப்பாகப் போவது கெடுதியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.